மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த மேதை ஜி. டி. நாயுடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

கல்லூரி வாயிலை மிதியாத ஒருவர் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றக் காரணமாயிருந்தார் என்றால் நம்புவீர்களா, தோழியரே? தொடக்கப் பள்ளிப் படிப்பையே வெறுத்து ஓடிய ஒரு கிராமத்துச் சிறுவன், பிற்காலத்தில் இந்தியாவின் எடிசன் என்று போற்றப்பட்டான் என்றால் வியப்பாக இல்லையா? அவர்தாம் கோவை தந்த ஜி. டி. நாயுடு அவர்கள். அவருடைய வாழ்க்கையைப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. எல்லோரும் அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கோ அந்த இடத்தைத் தாண்டவே மனம் வரவில்லை. அதனால் இக்கட்டுரையில் அந்த வண்டிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்துக் கலங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் உழவுத் தொழில் செய்துவந்த கோபால்சாமி நாயுடுவின் மகனாக 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பள்ளியை விட்டு விலகினார். ஆனால் படிப்பை விட்டுவிடவில்லை. கைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தாமே தேடிப் படித்தார். தந்தையின் தோட்டத்தில் வேலை பார்த்தார். இப்படியே இருந்திருந்தால் கலங்கலில் ஒரு நல்ல விவசாயியாக அவர் வாழ்க்கை முடிந்திருக்கும்.

ஒரு நாள் வருவாய்த்துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல், மிதிக்கவும் செய்யாமல் ஓடுகிற அந்த வண்டியைக் கண்ட இளைஞருக்கு அன்றிரவு உறக்கம் வந்திருக்குமா என்பது ஐயமே. அது ரட்ஜ் என்னும் பெயர் கொண்ட வண்டி. இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரட்ஜ் விட்வர்த் கம்பெனியார் 1911ஆம் ஆண்டளவில்தான் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் அது மிகப் புதிய பொருள்.

அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்த துரைசாமி, கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை எச்சில் இலை விழுகிற இடத்தில் வேலைக்கு நிற்பது அந்நாளில் எளிதான காரியமா? அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து 300 ரூபாய் ஆனதும் அதே அதிகாரியிடம் சென்று அவருடைய வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்தாரா? இல்லை. அக்கு அக்காகப் பிரித்துப் போட்டார்! பிறகு ஒவ்வொன்றாகப் பொருத்தி ஓடவைத்தார். சொல்லிக் கொடுக்க ஆளில்லை, வழிகாட்டும் புத்தகமும் இல்லை. மூன்று ஆண்டு உழைப்பு தரையில் சிதறிக் கிடந்தது. ஒரே ஒரு சிறு துண்டு இடம் மாறியிருந்தாலும் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் அம்மா என்ன சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தரையில் என்னென்ன கிடந்திருக்கும்? அக்காலத்து ரட்ஜ் எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர்; அளவு 499 சி.சி. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், அதைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரிங்குகள், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க், கனத்த சக்கரம், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று, எரிந்த புகையை வெளியேற்றும் வால்வு ஒன்று, தீப்பொறி உண்டாக்கும் மேக்னட்டோ, பின்சக்கரத்தை இழுக்கும் பெல்ட். இவற்றில் மேக்னட்டோவின் பொறி பிஸ்டன் மேலே வருகிற சரியான கணத்தில் விழவேண்டும். வால்வுகள் தத்தம் முறைப்படி திறந்து மூடவேண்டும். ஒரு பல் மாறிப் பொருத்தினால் எஞ்சின் உறுமாது. அல்லது உறுமியும் இழுக்காது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வண்டி மறுபடி ஓடியது, சரி. ஆனால் பிரிப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாக ஓடியதா, மோசமாக ஓடியதா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. எங்கள் சித்தப்பா போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் பழைய புல்லட்டில்தான் போய்வருவார். அதுவும் ரட்ஜைப் போல ஒற்றைச் சிலிண்டர் வண்டிதான், 350 சி.சி. சென்ற ஆண்டு அது புகை தள்ளி, ஏற்றத்தில் திணறியது. பட்டறையில் கொடுத்துச் சிலிண்டரைப் போர் அடித்து, பெரிய பிஸ்டனும் புது ரிங்கும் போட்டு, வால்வுகளையும் அரைத்து வாங்கினார். நல்ல செலவு. வண்டி வந்ததும் பட்டறைக்காரர் பவர் கூடிவிட்டது என்றார். சித்தப்பா கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார். சித்தியோ சத்தம்தான் கூடியிருக்கிறது என்றார். மூவரில் யார் சொல்வது சரி? பிரிப்பதற்கு முன் யாரும் எதையும் அளந்து வைக்கவில்லையே! முன்னளவு இல்லாதபோது பின்னளவை எதனுடன் ஒப்பிடுவது? செலவழித்த பணம் திறனாக மாறியதா, புகையாகப் போனதா என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

இந்த வழக்கை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்து வைத்தவர் ஜேம்ஸ் வாட். அவரும் நாயுடு அவர்களைப் போலப் பழுது பார்க்கப் புகுந்து மேதையானவர்தாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்தபோது, 1763-64இல் நியூகோமன் நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. அதன் சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் சூடாகிக் குளிர்ந்ததால் நீராவி வீணாவதைக் கண்டார். ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் அமைத்து எஞ்சினையே மாற்றிவிட்டார். பிறகு போல்டன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து சுரங்கக்காரர்களுக்கு எஞ்சின் அமைத்துக் கொடுத்தபோது, அவர்கள் வாங்கிய கூலி விசித்திரமானது. பழைய எஞ்சினுக்கு ஆகும் நிலக்கரியையும் புது எஞ்சினுக்கு ஆகும் நிலக்கரியையும் ஒப்பிட்டு, மிச்சமானதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு! எஞ்சின் எத்தனை தடவை இயங்கியது என்பதை எண்ணப் பூட்டுப் போட்ட எண்ணுகருவியும் வைத்தார்கள். எங்கள் பட்டறைக்காரர் இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதிப்பாரா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

குதிரைத்திறன் என்ற அளவையும் வாட்டுதான் நிலைநாட்டினார். ஆலையில் செக்கு மாடு போலச் சுற்றிவரும் குதிரை எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட்டு, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவதே ஒரு குதிரைத்திறன் என்றார். நம் கணக்கில் சொன்னால், ஒரு விநாடியில் ஏறத்தாழ 76 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்துவது. அதாவது 746 வாட். வாட் என்பதும் அவர் பெயரே. எடை, உயரம், நேரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் திறன் தெரிந்துவிடும். நம் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் பெரியாற்று நீர் மலையிலிருந்து குழாய்களில் இறங்குகிறதே, அங்கும் இதே கணக்குத்தான். ஒரே வேறுபாடு, அங்கே எடை இறங்குகிறது.

சுழலும் எஞ்சினுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? 1821ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பொறியாளர் புரோனி ஓர் எளிய கருவி செய்தார். எஞ்சினின் சக்கரத்தை இரண்டு மரக்கட்டைகளால் இருபுறமும் கவ்வவேண்டும். கட்டையோடு நீண்ட கை ஒன்றை இணைக்கவேண்டும். சக்கரம் சுழலும்போது கட்டையையும் தன்னோடு இழுத்துச் சுற்றப் பார்க்கும். கையின் நுனியில் எடை தொங்கவிட்டு அது சுற்றாமல் நிறுத்தவேண்டும். கையின் நீளம் 1 மீட்டர், தொங்கும் எடை 2 கிலோ, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விசை 19.6 நியூட்டன். ஒரு சுற்றுக்குக் கையின் நுனி வரையும் வட்டம் 6.28 மீட்டர். ஒரு விநாடிக்கு 33.3 சுற்று. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4,100 வாட், அதாவது 5.5 குதிரைத்திறன். எங்கள் அறிவியல் சிஸ்டர் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, வகுப்பே ஒரு நிமிடம் மோட்டார் பட்டறையாகிவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், நாயுடு அவர்கள் வாங்கிய வகை ரட்ஜ் வண்டிக்கு மூன்றரைக் குதிரைத்திறன் என்றுதான் பெயர். அது அளந்து கண்ட எண் அன்று. அக்காலத்தில் 500 சி.சி. அளவுள்ள வண்டிகளையெல்லாம் மூன்றரை என்றே அழைப்பது வழக்கம். உண்மையில் அவை அதைவிட மிகுதியான திறன் தந்தன. ஆக, பெயரில் இருக்கும் எண் வேறு, அளவில் வரும் எண் வேறு.

இந்நாளில் வண்டியின் பின்சக்கரத்தைக் கனத்த உருளைமீது நிறுத்தி ஓட்டி அளக்கிறார்கள். உருளையை எவ்வளவு விரைவில் வேகம் கூட்டுகிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுகிறது கருவி. கருவி இல்லாதவர்களும் அதே முறையைச் சாலையில் செய்யலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 300 கிலோ. மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டர் வேகம் எட்ட, ஒரே கியரில், முழு ஆக்சிலேட்டரில் 6 விநாடி ஆகிறது என்று கொள்வோம். இயக்க ஆற்றலில் ஏற்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 31,250 ஜூல். அதை 6ஆல் வகுத்தால் 5,200 வாட், 7 குதிரைத்திறன். எஞ்சின் வேலை முடிந்தபின் அதுவே 5 விநாடியில் எட்டினால் 6,250 வாட், ஏறத்தாழ 8.4 குதிரைத்திறன். காற்றின் தடையும் உராய்வும் தின்பது இதில் சேராது. ஆயினும் முன்னும் பின்னும் ஒரே சாலை, ஒரே ஆள், ஒரே கியர் என்றால் ஒப்பிடுவதற்கு இதுவே போதும். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எடுத்துச் சராசரி பார்த்தால் காற்றடிப்பும் சரிவும் கழிந்துவிடும். (இது ஓட்டுநர் உரிமம் உள்ள பெரியவர்கள், தலைக்கவசம் அணிந்து, ஆள் நடமாட்டமற்ற இடத்தில் செய்யவேண்டியது. நாம் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.)

புது ரிங் போட்டவுடன் அளப்பதும் தவறு. ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று தேய்ந்து இணங்கச் சில நூறு கிலோமீட்டராவது ஓடவேண்டும். அதுவரை எஞ்சின் இறுக்கமாகத்தான் இருக்கும். இன்னொன்று நம் பள்ளத்தாக்குக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது; காற்று குறைந்தால் எரிவதும் குறைகிறது. போடியிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமான போடிமெட்டுக்குப் போனதும் எந்த எஞ்சினும் தன் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே திணறினால் பாவம், பட்டறைக்காரர் ஏச்சு வாங்குகிறார்! கீழே அளந்ததைக் கீழே அளந்ததோடுதான் ஒப்பிடவேண்டும்.

ரட்ஜை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். கலங்கல் இளைஞரிடம் புரோனியின் கட்டையும் இல்லை, உருளையும் இல்லை. ஆனால் பிரித்துப் பூட்டிய அந்தப் பழக்கம் அவரை ஒரு மெக்கானிக் ஆக்கியது. பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கி, முதல் உலகப்போர்க் காலத்தில் நல்ல பணம் சேர்த்தார். பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வாணிபம் செய்து அதை இழந்தும் வந்தார். கணக்குப் பார்க்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அங்கே கற்றிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

1920ஆம் ஆண்டில் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். கோவையில் புகழ்பெற்று விளங்கிய ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்து உதவினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் அந்தப் பாதையில் பழனி முருகனைக் காணச் செல்லும் பக்தர்கள் எத்தனை பேர் அவர் வண்டியில் ஏறியிருப்பார்கள்! அந்த ஒரு வண்டி சில ஆண்டுகளில் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். என்றால் அந்நாளில் கோவை வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. பல வண்டிகள் ஓடுகிற நிறுவனத்தில், எந்த வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது, எந்த எஞ்சின் தளர்ந்துவிட்டது என்று பார்க்காமல் ஒரு நாள்கூடத் தொழில் நடத்த இயலாதல்லவா?

1930களில் மேல்நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1936ஆம் ஆண்டு இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம் பிடித்தார். மின்சாரத்தில் இயங்கும் சவரக் கத்தி, மிக மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளும். அவை எல்லா நூல்களிலும் உள்ளன. நம் தேனி மாவட்டத்துக்கு அவரால் வந்த நன்மையைச் சொல்லவே நான் விரும்புகிறேன்.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்த உழவர்களுக்கும் மின்சாரத்தால் நீர் இறைக்கலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில் இருந்த நாயுடு அவர்களின் தொழிற்சாலையில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் உருவானது. டி. பாலசுந்தரம் நாயுடு என்பவர் அதற்கு முக்கியத் துணையாக இருந்தார். பிற்காலத்தில் கோயம்புத்தூர் மோட்டார் என்றும் பம்புசெட் என்றும் நாடெங்கும் பெயர் பெற்ற தொழிலுக்கு அதுவே வித்து.

கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களுக்கும், சின்னமனூர் வாழைக்கும், கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களுக்கும் இன்று நீர் தருவது மோட்டார்தானே. அதன்மேல் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைத் தோழியர் கவனித்திருக்கிறீர்களா? 5 எச்.பி., 3.7 கிலோவாட் என்று பொறித்திருக்கும். ரட்ஜ் வண்டியின் மூன்றரையைப் போல அது பேச்சு வழக்கில் வந்த எண் அன்று. சோதனைச் சாலையில் சுமை ஏற்றி, சுற்று எண்ணி, அளந்து பொறிப்பது. பிரித்துப் பார்த்த மோட்டார் சைக்கிளிலிருந்து அளந்து விற்ற மோட்டார் வரை ஒரு மனிதர் நடந்து வந்த தூரம் அந்தச் சிறு தகட்டில் இருக்கிறது. மோட்டார் எரிந்துபோய்க் காயில் கட்டி வாங்கும்போதும் அளவு தெரிந்துகொள்ளலாம். முன்பு தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆயிற்று, இப்போது எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்தால் போதும். எங்கள் தாத்தா இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். அவருக்கு ஜேம்ஸ் வாட்டைத் தெரியாது!

நாயுடு அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் தம் கருத்தை எண்ணாகச் சொன்னதுதான். மலிவான வானொலிப் பெட்டி செய்யலாம் என்று பொதுவாகச் சொல்லாமல், ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கிக் காட்டினார். அரசு உரிமம் தர மறுத்ததால் அது சாலைக்கு வராமல் நின்றுவிட்டது. அடிவாரம் தோண்டுவது முதல் முடியும்வரை ஒரு வீட்டைக் காலை 6 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்குள், 11 மணி நேரத்தில் கட்டி முடித்தார். எண்ணாகச் சொல்லிவிட்டால் எவரும் சோதித்துப் பார்த்துவிடலாம், பொய்யென்றால் அகப்பட்டுக்கொள்வோம். அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது.

1945இல் கோவையில் தொடங்கிய, சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரைத் தாங்கிய பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் நாயுடு அவர்களின் கொடையால் எழுந்தவை. அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளியை விட்டு ஓடியவர் அங்கே முதல்வராகவும் அமர்ந்தார். அங்கேயும் ஓர் எண்ணால்தான் சண்டை வந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம் என்பது அவர் முடிவு. ஆங்கில அரசு ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். இந்த இடத்தில் நான் முழுவதும் அவர் பக்கம் நிற்கமாட்டேன். இரண்டு வகுப்பு மாணவர்களை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு ஆண்டும் மற்றொன்றுக்கு நான்கு ஆண்டும் கற்பித்து, இறுதியில் ஒரே தேர்வு வைத்திருந்தால் வழக்குத் தீர்ந்திருக்கும். அரசும் அதைச் செய்யவில்லை. அவருடைய 2 ஆண்டு என்ற எண், சோதிக்கப்படாமலே நின்றுவிட்டது. 70 ரூபாய் வானொலியும் அப்படியே. சித்தப்பாவின் புல்லட்டைப் போலவே, இவற்றுக்கும் ஒப்பிட ஓர் அளவு இல்லாமற் போனது நம் நாட்டின் இழப்பு.

பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதில் கடைசிவரை ஈடுபட்டிருந்தார். பெரிய செல்வரான பின்பும் எளிய வேட்டி சட்டையிலேயே காணப்பட்டார்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், தம் 80ஆம் வயதில் நாயுடு அவர்கள் காலமானார். அவர் திரட்டியவையும் செய்தவையும் கோவை அவிநாசி சாலையில் கண்காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. 2015இல் அதனருகே பழைய கார்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதே அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் கட்டப்பட்டு 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் கோவைக்குச் செல்லும் தோழியர் மேம்பாலத்தின் மேலே விரைந்து போய்விடாமல், கீழே இறங்கி அந்தக் கண்காட்சிக்கும் ஒரு பகல் ஒதுக்குங்கள். உடன் அப்பாவையோ சித்தப்பாவையோ அழைத்துப் போனால், அவர்களைத் திரும்ப வெளியே கூட்டி வருவதுதான் கடினம்.